கொங்கு விளையாட்டு வரலாறு – 14: கோவையில் குடியேறிய சென்னை அணி

தொழில்முறை விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் களத்தில் ஆடியவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவர்களை யார் தேடிப் பிடித்தார்கள், எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள், எந்த மைதானத்தை எந்த வாடகைக்கு எடுத்தார்கள், அணியை எந்த லீக்கில் எந்த வழியாக நுழைத்தார்கள் என்னும் கேள்விகள் அந்த வரலாற்றின் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. கரிவரதனையும் அவருடைய பந்தயக் கார்களையும் பற்றிய முந்தைய அத்தியாயங்களில், பணம் போடுபவரும் வண்டியை வடிவமைப்பவரும் ஓட்டுபவரும் ஒருவராகவே இருந்த ஒரு காலத்தைப் பார்த்தோம். இந்த அத்தியாயம் அதற்கு நேர்மாறான ஒரு நிலையை, அதாவது ஆட்டத்தில் கால் வைக்காத ஒரு நிர்வாகத்தின் கணக்குகள் ஓர் அணியை மூன்று ஆண்டுகளில் நாட்டின் உச்சிக்கு ஏற்றி, அடுத்த இரண்டே ஆண்டுகளில் லீக்குக்கு வெளியே விட்ட கதையை எடுத்துக்கொள்கிறது. அந்த அணியின் பெயர் சென்னை சிட்டி எஃப்.சி.; அது பட்டம் வென்ற களம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம்.

அணி நிர்வாகி என்னும் பதவி கோவைக்குப் புதிது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பு இந்நகரம் அறிந்திருந்த ஏற்பாட்டை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கோவையில் ஆண்டுதோறும் நடக்கும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கும், சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைக்கான மகளிர் போட்டிக்கும் வந்து ஆடுபவை பெரும்பாலும் வங்கி அணிகள், ரயில்வே அணிகள், படைப்பிரிவு அணிகள், மின்வாரியம் போன்ற அரசு நிறுவன அணிகள். இவற்றில் ஆடுபவர் அந்த நிறுவனத்தின் ஊழியர். மாதச் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் அவருக்கு வேலையின் வழியாகவே வருகின்றன, விளையாட்டு அந்த வேலைக்கான நுழைவுச் சீட்டாக இருக்கிறது. அப்படிப்பட்ட அணியில் ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவதும் விற்பதும் இல்லை. அணியின் பொறுப்பாளர் நிறுவனத்தின் ஓர் அதிகாரி, அணி தோற்றாலும் அவருடைய நாற்காலி ஆடுவதில்லை. கொங்கு நாட்டுப் பஞ்சாலைகளும் பம்பு ஆலைகளும் விளையாட்டுக்குச் செய்த கொடை மிகப் பெரிது என்றாலும், அது புரவலர் செய்த கொடையே அன்றி, விளையாட்டையே ஒரு தொழிலாக நடத்திய முதலீடு அல்ல.

அந்தத் தொழிலுக்கு முழு உருவம் கொடுத்தது அமெரிக்க பேஸ்பால். அங்கே ‘மேனேஜர்’ எனப்படுபவர் களத்தருகே நின்று ஆட்டத்தை நடத்தும் பயிற்சியாளர். அவருக்கு மேலே அமர்ந்து, ஆட்டக்காரர்களைத் தேர்ந்து, ஒப்பந்தம் பேசி, விற்று, வாங்குபவரே ‘பொது மேலாளர்’. இப்பதவியின் இலக்கணத்தை எழுதியவர் என்று பிராஞ்ச் ரிக்கியைச் (1881–1965) சொல்லலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, ஆட்டக்காரராகப் பெரிதும் சோபிக்காத இவர், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்னும் பணமில்லாத அணிக்கு வந்தபோது, பணக்கார அணிகளோடு ஏலத்தில் போட்டியிட முடியாது என்பதை உணர்ந்து, சிற்றூர்களில் இருந்த சிறு லீக் அணிகளில் பங்குகள் வாங்கி, இளைஞர்களை மலிவாகச் சேர்த்து, தாமே வளர்த்து மேலே கொண்டுவரும் முறையை உருவாக்கினார். நாற்றங்காலில் விதைத்து வயலுக்கு மாற்றுவது போன்ற இந்த ஏற்பாட்டுக்கு அங்கே பண்ணை முறை என்றே பெயர். கார்டினல்ஸில் ரிக்கியின் ஊதியத்தோடு, விற்கப்படும் ஆட்டக்காரர்களின் விலையில் ஒரு விகிதமும் அவருக்குச் சேர்ந்தது. ஆகவே அவர் ஆட்டக்காரர்களை வளர்த்ததில் அறமும் இலாபமும் எந்த அளவில் கலந்திருந்தன என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குப் போன பின் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்து, 1947 ஏப்ரல் 15 அன்று கறுப்பினத்தவருக்கு அடைக்கப்பட்டிருந்த பெரிய லீக்கின் கதவைத் திறந்தவரும் இவரே. அந்த அணியில் அவர் 25 விழுக்காட்டுப் பங்குதாரராகவும் இருந்தார். 1950இல் அப்பங்கைச் சுமார் 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறினார். அவரோடு பங்கு வைத்திருந்த வால்டர் ஓமாலி 1957 பருவத்தின் முடிவில் அணியையே புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோனார். மலிவில் திறமையைக் கண்டறிவது, பங்கு வைத்திருப்பது, ஊரை மாற்றுவது ஆகிய இம்மூன்று செயல்களும் கோவைக் கதையிலும் வருவதால்தான் இந்த விலகல் இங்கே தேவைப்பட்டது.

இந்தியக் கால்பந்தின் நிலை வேறு. 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் மதிப்பில் செய்துகொண்ட உரிமை ஒப்பந்தத்தின் விளைவாக, 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. உரிமத் தொகை கட்டி அணி வாங்கும் இம்முறையில், பேஸ்பாலின் பெரிய லீக்கைப் போலவே, கடைசி இடம் பெற்றவர் கீழே இறங்கும் வழியும் அப்போது இல்லை, கீழே முதலிடம் பெற்றவர் மேலே ஏறும் வழியும் இல்லை. அதுவரை நாட்டின் முதன்மை லீக்காக இருந்த ஐ-லீக், பெயரளவில் முதன்மையாகவும் நடைமுறையில் இரண்டாம் இடத்திலும் தொடர்ந்தது. கூட்டமைப்பு 2016இல் முன்வைத்த எதிர்காலத் திட்டத்தில் ஐ-லீக் கீழ்ப்பிரிவாக்கப்படும் என்பது தெரியவந்ததும், கோவாவின் பழம்பெரும் கழகங்களான டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கிளப் த கோவா ஆகியவை எதிர்ப்புத் தெரிவித்து விலகின. காலியான இடங்களை நிரப்பப் புதிய கழகங்கள் நேரடியாகச் சேர்க்கப்பட்டன. கீழ்ப்பிரிவில் வென்று வராமல், நிதிப் பொறுப்பை ஏற்று வரும் இந்த வழிக்கு நிறுவன நுழைவு என்று பெயர். 2016 டிசம்பரில் அவ்வழியே உள்ளே வந்தவை இரண்டு: பஞ்சாபின் மினர்வா, தமிழ்நாட்டின் சென்னை சிட்டி.

சென்னை சிட்டியின் வேர் 1946இல் தொடங்கப்பட்ட நேதாஜி விளையாட்டுக் கழகத்தில் இருக்கிறது. சென்னை சீனியர் டிவிஷனில் ஆடிவந்த உள்ளூர்க் கழகம் ஒன்றைத் தேசிய லீக்குக்குக் கொண்டுபோன முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் அதன் உரிமையாளர் ரோகித் ரமேஷ். பிறர் சண்டையிட்டு விட்டுப்போன இடத்தில் நுழைந்ததை வாய்ப்பறிவு என்றும் சொல்லலாம், மூழ்கப்போவதாக எல்லாருக்கும் தெரிந்த கப்பலில் சீட்டு வாங்கியது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை என்பதைப் பின்வந்த ஐந்து ஆண்டுகள் காட்டின.

முதல் பருவத்தில் அணி பத்தில் எட்டாவதாக முடிந்தது. அடுத்த பருவத்துக்கு, அதாவது 2017–18க்கு, அணி கோவைக்கு வந்தது. சென்னையில் அபிஷேக் பச்சன், வீட்டா தானி, தோனி ஆகியோரின் சென்னையின் எஃப்.சி. 2014 முதலே ஜவாகர்லால் நேரு விளையாட்டரங்கத்தைத் தன் வீடாக்கிக்கொண்டு, 2015இல் சூப்பர் லீக் பட்டமும் வென்றிருந்தது. அதே ஊரில், அதே ரசிகர்களிடம், விளம்பர வெளிச்சமில்லாத லீக்கின் அணியொன்று சீட்டு விற்பது கடினம். கோவையில் போட்டி இல்லை. வ.உ.சி. பூங்காவை ஒட்டி, நகரின் நடுவே, மாநகராட்சியின் நேரு விளையாட்டரங்கம் இருந்தது. தடகள ஓட்டப்பாதை சுற்றிவர இருப்பதால் பார்வையாளருக்கும் ஆட்டத்துக்கும் இடையே தூரம் அதிகம் என்பது அதன் குறை. பேருந்தில் வந்து இறங்கி நடந்தே போகலாம் என்பது அதன் நிறை. ஓமாலி ஊரை மாற்றியபோது பெயரில் புரூக்ளினை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்த்தார். இங்கே அணி 500 கிலோமீட்டர் தள்ளி வந்த பின்னும் பெயரில் சென்னையே நீடித்தது. கோவை ரசிகர் தம் ஊர் அணியைச் சென்னை என்று கூவி உற்சாகப்படுத்த வேண்டியிருந்த இந்த முரண், சந்தைப்படுத்தும் கண்ணோட்டத்தில் நிர்வாகம் செய்த பெரிய பிழை என்றே தோன்றுகிறது.

கோவையின் முதல் பருவத்திலும் இடம் எட்டுதான். ஆனால் அந்தப் பருவம் வேறொன்றைக் காட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இந்த அணிக்காக ஆடி நாட்டின் கவனத்தை ஈர்த்தார். பருவம் முடிந்ததும் சூப்பர் லீக்கின் ஜாம்ஷெட்பூர் அணி அவரைக் கொண்டுபோனது. வளர்த்தவர் ஒருவர், அறுவடை செய்பவர் மற்றொருவர் என்ற விதி அப்போதே எழுதப்பட்டுவிட்டது. ரிக்கியின் காலத்து பேஸ்பாலில் ஓர் ஆட்டக்காரர் அணியின் சம்மதமின்றி வேறெங்கும் போக முடியாதபடி ‘தக்கவைப்பு விதி’ கட்டிப்போட்டிருந்தது. அது 1975இல்தான் உடைந்தது. இன்றைய கால்பந்தில் நிலை தலைகீழ்: உலகக் கூட்டமைப்பின் விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஆட்டக்காரர் வேறு கழகத்தோடு பேசிவிடலாம், முடிந்த பின் விலையின்றிப் போய்விடலாம். ஆகவே குறுகிய ஒப்பந்தங்களில் ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் சிறு கழகத்துக்கு, அவர்களை வளர்த்த பயன் கைக்கு வராமலே போகும்.

2018இல் நிர்வாகம் எடுத்த முடிவுகளே இந்த அத்தியாயத்தின் மையம். சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணியை முன்பு பயிற்றுவித்த அக்பர் நவாஸ் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். தரையில் பந்தைக் கடத்தி, பின்களத்திலிருந்தே ஆட்டத்தைக் கட்டுவது அவர் பாணி. அந்தப் பாணிக்கு ஏற்ற வெளிநாட்டவரை எங்கே தேடுவது என்பது அடுத்த கேள்வி. அக்காலத்து ஐ-லீக் கழகங்கள் வெளிநாட்டவர் என்றால் உயரமும் உடல்வலிமையும் மிக்க ஆப்பிரிக்க முன்கள வீரர்களையே அதிகம் நாடின. அவர்களில் லீக்கை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு விலையும் ஏறியிருந்தது. சென்னை சிட்டி அந்தச் சந்தையை விட்டு விலகி, ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளுக்குப் போனது. உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடிவந்த பெத்ரோ மான்சி, நெஸ்தோர் கோர்தியோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ், தற்காப்பில் ரொபெர்த்தோ எஸ்லவா ஆகிய நால்வரும் ஒரே மொழியும் ஒரே ஆட்டக் கல்வியும் கொண்டவர்களாய் வந்து சேர்ந்தனர். ஸ்பெயினில் மூன்றாம் நான்காம் படிகளில் ஆடுபவர்கூட அந்நாட்டின் பயிற்சி முறையில் சிறுவயது முதல் பழகியவர். அங்கே அவருக்குக் கிடைக்கும் கூலி குறைவு, ஆனால் அவருடைய தொடுதலும் பார்வையும் இந்தியாவில் அரிது. பிறர் விலை மதிக்காத இடத்தில் வாங்குவது என்னும் ரிக்கியின் பழைய பாடம் வேறு வடிவில் இங்கே வேலை செய்தது. அவர்களைச் சுற்றி எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ், அஜித் குமார் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் நிறுத்தப்பட்டனர். அசாமிலிருந்து வந்த கௌரவ் போராவும் இருந்தார்.

2018 அக்டோபர் 26 அன்று லீக்கின் தொடக்க ஆட்டம் கோவையிலேயே நடந்தது. இளையோர் அணியான இந்தியன் ஏரோஸை 4–1 என வென்றதில் மூன்று கோல்கள் மான்சியுடையவை. பருவம் முடியும்போது அவர் கணக்கு 21.

பருவத்தின் நடுவே, 2019 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கழகம் சென்னை சிட்டியில் 26 விழுக்காட்டுப் பங்கு வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. முகமது சாலாவை எகிப்திலிருந்து 2012இல் கொண்டுவந்து, 2014 சனவரியில் செல்சிக்கு விற்ற கழகம் அது; இளைஞரை வாங்கி, ஐரோப்பியக் கோப்பைகளில் காட்டி, பெரும் விலைக்கு விற்பதே அதன் வாணிபம். 26 என்னும் எண் தற்செயலானதன்று. இந்திய நிறுவனச் சட்டப்படி, நிறுவனத்தின் அமைப்பு விதிகளை மாற்றுவது போன்ற முக்கிய முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. அது நிறைவேற எதிர்த்து விழும் வாக்குகளைப்போல் மும்மடங்கு வாக்குகள் ஆதரவாக விழ வேண்டும். ஆகவே கால்பங்குக்கு மேல் வைத்திருப்பவர் நிறுவனத்தை நடத்த முடியாவிட்டாலும், தமக்கு ஒவ்வாததைத் தடுத்துவிட முடியும். பாசல் வாங்கியது ஓட்டுநர் இருக்கை அல்ல, பிரேக்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை, கடைசி நாள். சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் மினர்வா பஞ்சாபுடனும் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடனும் இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட, நேரு விளையாட்டரங்கம் இடைவேளை வரை ஒரு கோல் பின்தங்கிய தன் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. 56ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை மான்சி கோலாக்கினார்; 69ஆவது நிமிடத்தில் போரா இரண்டாவதைப் போட்டார். ஏறத்தாழ அதே நிமிடத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் முன்னிலை பெற்றது. ஆனால் ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் இரண்டு கோல்கள் போட்டு 2–1 என வென்றது. கோவையில் ஒரு கோல் திரும்பியிருந்தால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். கூடுதல் நேரத்தில் போரா தன் இரண்டாவது கோலைப் போட்டு 3–1 ஆக்கிய பிறகே அந்த அச்சம் நீங்கியது. 43க்கு 42 என்ற கணக்கில் ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. நடுக்கள, தற்காப்புப் பொறுப்புகளில் ஆடிய போராவின் கோல்கள் பட்டத்தைத் தீர்மானித்தது அந்தப் பருவத்தின் சுவையான விந்தை.

அடுத்த வாரங்களில் நடந்த சூப்பர் கோப்பையில் இரண்டு லீக்குகளின் அணிகளும் மோதும். தம் எதிர்காலம் பற்றிக் கூட்டமைப்பு பேச மறுக்கிறது என்று பல ஐ-லீக் கழகங்கள் அதைப் புறக்கணித்தபோது, சென்னை சிட்டி புவனேசுவரம் போய் ஆடியது. சக கழகங்களோடு நின்றிருக்க வேண்டும் என்ற குறை இம்முடிவின் மேல் உண்டு. ஆனால் ஆடியதால்தான் ஒரு உண்மை பதிவானது. சற்று முன்பு சூப்பர் லீக் பட்டம் வென்றிருந்த பெங்களூரு எஃப்.சி.யைக் காலிறுதியில் சென்னை சிட்டி 2–1 என வீழ்த்தியது. ஒரு பங்கு செலவில் கட்டப்பட்ட அணி பல பங்கு செலவில் கட்டப்பட்ட அணியை வென்றது என்பதைவிட, கீழ்ப்பிரிவு என்று முத்திரை குத்தப்படவிருந்த லீக்கின் வெற்றியாளர் மேற்பிரிவின் வெற்றியாளரை வென்றார் என்பதே இதில் கவனிக்கத் தக்கது. அரையிறுதியில் கோவா அணியிடம் ஓட்டம் நின்றது.

அதன் பின் நடந்தவை வேகமானவை. 2019–20 முதல் சூப்பர் லீக்கே நாட்டின் முதன்மை லீக் என்று முடிவானது. ஐ-லீக்கில் வெல்பவருக்கு மேலே செல்ல அப்போது வழி இல்லை, அந்த வழி சில ஆண்டுகள் கழித்தே திறக்கும் என்று ஆசியக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு வகுத்த திட்டம் சொன்னது. கோர்தியோ ஹைதராபாத்துக்கும் எட்வின் சென்னையின் அணிக்கும் போனார்கள். முன்னாள் வெற்றியாளர் என்ற முறையில் கிடைத்த ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் முதற்கட்டத் தகுதி ஆட்டம் 2020 சனவரியில் கோவையில் அல்லாமல் அகமதாபாத்தில் நடந்தது. பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0–1 எனத் தோல்வி. மான்சி அந்த மாதங்களிலேயே ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் புறப்பட்டார். மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2–2 எனச் சமன் செய்த பிறகு, கொரோனா எல்லாக் களங்களையும் மூடியது. ரொமாரியோ கோவாவுக்கும், அஜித் குமார் பெங்களூருக்கும், போரா ஒடிசாவுக்கும் இடம் மாறினர். மேற்பிரிவு அணிகளின் பட்டியல்களில் அடுத்த சில பருவங்கள் இந்தப் பெயர்கள் தொடர்ந்து வந்ததைப் பார்க்கும்போது, கோவையில் தேர்வு சரியாகவே நடந்திருந்தது என்பதும், அந்தத் தேர்வின் ஆதாயம் கோவையில் தங்கவில்லை என்பதும் சேர்ந்தே புலப்படுகின்றன.

2020–21 பருவம் முழுவதும் தொற்றுக் கட்டுப்பாடுகளின்படி கொல்கத்தாவிலும் அதன் அருகிலும் நடத்தப்பட்டதால், சீட்டு விற்பனை, உள்ளூர் விளம்பரம், ரசிகர் பழக்கம் ஆகிய மூன்றும் ஓர் ஆண்டு முற்றிலும் அறுந்தன. உரிமத் தொகை வருவாயோ, ஒளிபரப்புப் பங்கோ பெரிதாக இல்லாத ஐ-லீக் கழகத்துக்கு வீட்டு மைதானம் ஒன்றே கண்ணுக்குத் தெரியும் சொத்து; அதை இழந்த அணி பட்டியலின் கீழ்ப்பாதியில் முடிந்தது. அடுத்த பருவத்தின் ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை.

2016 டிசம்பரில் அதே வாசல் வழியாக உள்ளே வந்த மினர்வா 2017–18இல் பட்டம் வென்றிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டே சென்னை சிட்டி வென்றதால், விளையாடி ஏறாமல் நிதிப் பொறுப்பால் ஏறியவை என்று குறை சொல்லப்பட்ட இரு கழகங்களும் அடுத்தடுத்து நாட்டின் பட்டத்தைப் பெற்றன. மினர்வாவை 2020இல் ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் வாங்கியது. கையில் நிதி இருந்த புதிய உரிமையாளர்கள் காத்திருந்தார்கள். 2022–23இல் ஐ-லீக்கை வென்ற அவ்வணி, அவ்வாண்டு முதன்முறையாகத் திறந்த கதவு வழியாக, ஆட்டத் தகுதியால் சூப்பர் லீக்குக்கு ஏறிய முதல் அணியாக, பஞ்சாப் எஃப்.சி. என்ற பெயரில் மேலே போனது. சென்னை சிட்டி பட்டம் வென்ற நாளுக்கும் அந்தக் கதவு திறந்த நாளுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் இருந்தன. கொங்கு நாட்டின் மற்றொரு தொழில்முறை அணியான கோவை கிங்ஸ், தமிழ்நாட்டு கிரிக்கெட் சங்கமே நடத்தும் மூடிய லீக்கில் 2016 முதல் ஆடிவருவதால், இப்படி ஒரு கதவுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை அதற்கு எழவில்லை. அதன் கணக்குகள் அடுத்த அத்தியாயத்தில்.